மகாராணி போட்ட குட்டி

பொள்ளாச்சி சாலையில் கிணத்துக்கடவைத் தாண்டினால் வருகிற கண்ணாடிச் சுவர் ஷோரூமில், மகாராணி என்று பேர் வைத்திருந்த பழைய சீமைக் கார், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேமுக்கால் மணிக்கு, முன்சக்கரங்கள் இரண்டையும் அகட்டி வைத்துக்கொண்டு, ஒரு குட்டி போட்டது. பக்கத்தில் துணியும் பாலிஷ் டப்பாவுமாகக் குந்தியிருந்த, வண்டி துடைக்கிற ஆறுக்குட்டி எழுந்து ஓடவுமில்லை, சாமியைக் கூப்பிடவுமில்லை. ஐப்பசியிலிருந்தே வண்டியின் அடிவயிறு தரையை நோக்கி இறங்கி வருவதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், பட்டை ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்திருந்தார், இப்போது காரணம் தெரிந்தது, அவ்வளவுதான். கையிலிருந்த மஞ்சள் துணியாலேயே குட்டியின் முகத்தைத் துடைத்து, மூக்கில் அடைத்திருந்த எண்ணெயை விரல் விட்டு வழித்து எறிந்து, அது முதல் மூச்சாக ஒரு புகை விட்டதும், "பண்ணாடி, மகாராணி குட்டி போட்டிருக்குதுங்க," என்று மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு, மறுபடியும் சக்கரத்தைத் துடைக்க உட்கார்ந்தார்.

பண்ணாடி என்றால் முதலாளி இரத்தினசபாபதி. தோட்டமும் மில்லும் வைத்திருந்த குடும்பம், தோட்டத்தை விற்று, மில்லை மூடி, மிச்சமிருந்த பெருமையை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல், பதினோரு பழைய கார்களை வாங்கி, குளிர்காற்று விட்ட கண்ணாடி அறையில் நிறுத்தி வைத்திருந்தது. அங்கே கார் வாங்க வருகிறவர்களைப் பற்றி ஆறுக்குட்டிக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. வெயில் இல்லாத அறைக்குள்ளும் தொப்பி போட்டிருப்பார்கள். முதலில் குனிந்து மீட்டரைப் பார்ப்பார்கள், ஓடிய தூரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு வாய் பிளப்பார்கள். ஓடுவதற்கென்று செய்த ஒரு பொருளை ஓடவிடாமல் வைத்திருந்தவனுக்கு மாலை, ஓட்டித் தேய்த்தவனுக்கு இளப்பம் என்று நடக்கிற வியாபாரம் உலகத்தில் இது ஒன்றுதான் என்று அவர் நினைத்தார். இத்தாலியிலிருந்து வந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று உண்டு, முழங்கால் உயரம், அதற்குள் படுத்துக்கொண்டுதான் ஏற வேண்டும், தொப்பை இருக்கிறவன் வெளியே வர இரண்டு ஆள் பிடித்து இழுக்க வேண்டும். வாங்க வருகிற எல்லோருக்கும் தொப்பை இருந்தது.

மகாராணிக்கு மட்டும் தனியாக ஒரு நோட்டீஸ் அடித்திருந்தார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றுபோன ஆறுக்குட்டி அதை ஒரு மத்தியானம் முழுக்க எழுத்துக் கூட்டிப் படித்தார். ஒரே குடும்பத்தில் வளர்ந்தது. வெயில் படாதது. மழை படாதது. பூர்வீக எஞ்சின், பூர்வீக அடிச்சட்டம், எண்கள் ஒன்றோடொன்று பொருந்துவது. வேற்றுக் கை படாதது. கடைசி வரிக்கு வந்ததும் அவர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இருபத்தாறு வருசமாக அந்த வண்டியின் ஒவ்வொரு ஆணியையும் துடைத்த கைகள், பாலிஷ் ஏறி ரேகை மழுங்கிப்போன கைகள். வருசா வருசம் ஆயுத பூஜைக்குப் போட்டோ எடுக்கும்போது, "டேய் ஆறுக்குட்டி, பளபளப்புல உன்ற நெழலு உழுகுது, அக்கட்டால போ," என்று பண்ணாடி சொல்வதும், அவர் தூணுக்குப் பின்னால் போய் நிற்பதும் பழகிய விசயம். ஆனால் நோட்டீசில் அச்சடித்து, இந்தக் கை கையே இல்லை என்று சொல்லிவிட்ட பிறகு, அவர் அந்த வரியை மடித்து நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டார், அவர் எதையும் மறக்கிற ஆள் அல்ல.

மறக்காமல் வைத்திருந்தவை அவரிடம் நிறைய இருந்தன. அதில் பெரியது சொந்த மகள். கோகிலவாணி எட்டு வருசத்துக்கு முன்னால், டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிற ஒருவனோடு, நம்ம ஆளுங்க அல்லாத ஒருவனோடு, செட்டிபாளையம் போய்விட்டாள். அன்றைக்கு மாலாக்கோயில் வீதியில் நட்ட நடு வெயிலில் நின்று, பன்னிரண்டு வீடும் கேட்கும்படி, "என்ற ஊட்டுல அப்பிடி ஒருத்தி பொறக்கவே இல்ல," என்று ஆறுக்குட்டி சொன்னார். சொன்னதைக் காப்பாற்றினார். பதினாறு கிலோமீட்டர் தூரத்துக்கு எட்டு வருசமாக ஒரு பஸ்ஸும் ஏறவில்லை.

குட்டி கன்றுக்குட்டி உயரம் இருந்தது. முன்னால் அம்மாவின் நீண்ட மூக்கு, வெள்ளிக் கம்பி வரிசை, உருண்டை விளக்கு, அதே அரக்கு நிறம். பின்னால் பார்த்தால் லோடு ஏற்றுகிற தொட்டி, கயிறு மாட்டுகிற இரும்புக் கொக்கி. பின்கதவில், பிறந்த பிள்ளையின் மச்சம் போல மங்கலாக, இடது பக்கம் சாய்ந்த எழுத்தில், 'சூலக்கல் மாரியம்மன் துணை' என்று இருந்தது. மாடியிலிருந்து இறங்கி வந்த இரத்தினசபாபதி மூக்கைப் பார்த்துச் சிரித்தார், சுற்றிக்கொண்டு பின்னால் போய் எழுத்தைப் படித்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சாய்ந்த எழுத்து அந்தச் சுற்று வட்டாரத்தில் ஒரே ஒரு வண்டியில்தான் உண்டு. தக்காளி மண்டிக்குச் சரக்கு ஏற்றுகிற மயிலாத்தாளின் குட்டியானை, நசுங்கிய வெள்ளை நிற லோடு வண்டி.

அது எப்படி உள்ளே வந்தது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. மகாராணியின் எஞ்சினை முடுக்கினால் தேய்ந்துபோகும், நின்றுகொண்டே இருந்தால் டயர் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். அதனால் பண்ணாடி கண்டுபிடித்த வழி என்னவென்றால், வாரா வாரம் வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும், மீட்டர் கேபிளைக் கழற்றிவிட்டு, மயிலாத்தாளின் வண்டியில் கயிறு கட்டி மகாராணியை இழுத்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றி வருவது. கயிறு கட்டியவர் ஆறுக்குட்டி.

குட்டி பிறந்த செய்தி மத்தியானத்துக்குள் ஊரைச் சுற்றியது. ஊர் ஒரு நாள் வேடிக்கை பார்த்தது, மறுநாள் வேலையைப் பார்த்தது. டீக்கடை மாணிக்கம்மா மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து குட்டியின் நாலு சக்கரத்திலும் தெளித்தாள். குட்டிக்குப் பின்னால் வந்து விழுந்த ரப்பர் குழாய்களையும் ஒயர்ச் சுருளையும் நாய் இழுக்காமல் சாக்கில் கட்டி, பால் மரத்தில்தான் கட்ட வேண்டும் என்று ரோட்டோர ஆலமரத்தில், ஊர் மாடுகளின் நஞ்சுக்கொடி மூட்டைகளுக்கு நடுவில், ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் தொங்கவிட்டார்கள். முதல் மூன்று நாள் மகாராணியின் அடியில் மஞ்சளாக, கெட்டியாக ஒரு எண்ணெய் சுரந்தது, அதைச் சீம்பால் போலத் தூக்குப்போசியில் பிடித்து வீட்டுக்கு ஒரு கரண்டி கொடுத்தார்கள், கொடுத்ததை ஊற்றிய மொபெட்டெல்லாம் மேட்டில் இரைப்பு வாங்காமல் ஏறின. குட்டி பங்க் பெட்ரோலை மோந்து பார்த்துவிட்டுத் துப்பியது, அம்மாவின் டேங்கிலிருந்து மட்டும் குழாய் வழியாகக் குடித்தது. நம்பர் கேட்டு வந்த வண்டி ஆபீஸ்காரரிடம், "கன்னுக்குட்டிக்கு ஏதுங்க நம்பரு, வளரட்டுமுங்க," என்று ஸ்டாண்டில் சொல்ல, அவரும் அது நியாயம்தான் என்று டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். எல்லாருக்கும் இருந்த ஒரே கேள்வி, குட்டி ஆருது என்பதுதான். மாடாக இருந்தால் அம்மா எந்தக் கட்டுத்தறியோ குட்டியும் அந்தக் கட்டுத்தறி. இது கார் ஆயிற்றே, அதற்கு என்ன முறை என்று யாருக்கும் தெரியவில்லை.

தை பிறந்தால் மகாராணியை வாங்கிப்போக சென்னையிலிருந்து ஒரு பெரிய கை வருவதாக இருந்தது. அதனால் எட்டாம் நாள் பண்ணாடி பழங்கார் சங்கத்தைக் கூட்டினார். ஆறு பேர் வந்தார்கள், ஆறு பேருக்கும் தொப்பி. வண்டியின் பூர்வீகத்தைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிற சான்றுக்காரர் ஒருவரும் வந்தார், கையில் டார்ச், கண்ணில் பூதக்கண்ணாடி. மனிதர்களின் பாட்டன் பேர் தெரியாத அந்த ஆள் கார்களின் பாட்டன் பேரை ஏழு தலைமுறைக்குச் சொல்லுவார். ஆறுக்குட்டி மூலையில் நின்று காப்பி டம்ளர்களை வைத்துக்கொண்டே கேட்டார். தொப்பிகள் ஒவ்வொன்றாகப் பேசின. காலம் கெட்டுவிட்டது என்றது ஒன்று. வெளியே விட்டு வைத்ததே தப்பு என்றது ஒன்று. நம் வீட்டு வண்டிகளைக் கண்ணாடிக்குள் வைத்தாலும் வெளியே பார்க்கத்தானே செய்கின்றன, துணி போட்டு மூடுங்கள் என்றது இன்னொன்று.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு, செருப்புக் காலோடு கம்பளத்தின் மேல் மயிலாத்தாள் வந்து நின்றாள். ஐம்பது வயசு, முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள்.

"ஏனுங் பண்ணாடி, என்ற வண்டி மேல என்னமோ பிராது சொன்னீங்களாமா?"

"உன்ற வண்டி பண்ணுன வேலைக்குப் பிராது வேற சொல்லோணுமா? அதைய ஆரு உள்ள உட்டது?"

"நீங்கதானுங்க உட்டீங்க. வெள்ளிக்கெழமை தவறாம உட்டீங்க. ரெண்டு வண்டிக்கும் மாலை போட்டீங்க, பொட்டு வெச்சீங்க, கற்பூரம் காட்டுனீங்க, மணி அடிச்சீங்க. கவுறு நழுவக் கூடாதுன்னு மூணு முடிச்சு போடச் சொன்னீங்க. முன்னால என்ற வண்டி, பின்னால உங்க புள்ள, மூணு சுத்து. ஊரே நின்னு பாத்துச்சு. இதுக்கு மேல பத்திரிகை ஒண்ணுதானுங்க நீங்க அடிக்கல."

தொப்பிகள் காப்பியைப் பார்த்தன. சான்றுக்காரர் கனைத்துக்கொண்டார்.

"சார், எல்லாரும் டென்சன் ஆகாதீங்க. தாய் சுத்தம், நான் பார்த்துட்டேன், எண்ணெல்லாம் பொருந்துது. குட்டிதான் பிரச்சினை. குட்டி இல்லன்னா பிரச்சினையே இல்ல."

"குட்டிய எனக்குக் குடுத்துருங்க," என்றாள் மயிலாத்தாள். "வளத்தித் தக்காளி ஏத்திக்கறேன்."

"உசுரோட இருந்துச்சுன்னா என்னைக்காச்சும் ஒரு நாளு என்ற வாசல்ல வந்து நின்னு ஹாரன் அடிக்கும்," என்று இரத்தினசபாபதி எழுந்தார். முகம் மகாராணியின் நிறத்துக்கு வந்திருந்தது. "மூஞ்சிய மறைக்க முடியாது, அவ மூஞ்சி. இங்க பாரு மயிலாத்தா, ஊருக்கே சொல்றேன், என்ற ஷோரூம்ல அப்பிடி ஒண்ணு பொறக்கவே இல்ல. டேய் ஆறுக்குட்டி, நாளைக்குக் கருக்கல்லயே இதைய உக்கடம் கொண்டுபோயி, பழைய இரும்புக்காரன் மிசினுக்குள்ள உட்டு, கட்டியாக்குனதை உன்ற கண்ணுல பாத்துட்டு வா."

"சரீங்க," என்று ஆறுக்குட்டி வழக்கம் போலச் சொன்னார். துணியால் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தார். அவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. நெளிந்த தகரத்துக்கெல்லாம் குலம் கோத்திரம் பார்த்து, ஆறு தொப்பிகள் உட்கார்ந்து பஞ்சாயத்துப் பண்ணுகிற கூத்தை இருபத்தாறு வருசத்தில் அவர் பார்த்ததில்லை. அதற்குள் வெளியே வந்து ஆலமரத்தடியில் நின்றிருந்த மயிலாத்தாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிரிக்கறீங்களாங்ணா? சிரிங்க, நல்லாச் சிரிங்க. எட்டு வருசத்துக்கு முன்னால வீதில நின்னு நீங்க சொன்னதைத்தானுங்க அவரு இன்னைக்குச் சொன்னாரு. ஒரு சொல்லு மாறல. அவருக்காச்சும் குளுரு ரூமு இருந்துச்சு, நீங்க வேகாத வெயில்ல நின்னு சொன்னீங்க."

"என்ற புள்ளயும் இந்தத் தகரமும் ஒண்ணா மயிலாத்தா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். தகரத்துக்கு அவரு பண்றதை, புள்ளைக்கு நீங்க பண்ணீட்டீங்க. ஆரு பெரிய ஆளுன்னு நீங்களே சொல்லுங்க."

ஆறுக்குட்டி துணியை உதறித் தோளில் போட்டார். மயிலாத்தாளின் மேலும் ஒரு வன்மத்தை எடுத்து நெஞ்சுக்குள் மடித்து வைத்தார், ஆனால் அன்றைக்கு அது மடிய மாட்டேன் என்றது.

மறுநாள் விடிகிற நேரத்தில், மகாராணியின் டேங்கிலிருந்து ஒரு பிராந்திப் பாட்டில் நிறையப் பெட்ரோல் பிடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வெள்ளிக்கிழமைக் கயிற்றையே குட்டியின் முன்கொக்கியில் கட்டி, ஆறுக்குட்டி அதைச் சாலையில் நடத்திக்கொண்டு போனார். பின்னால் கண்ணாடிக்குள்ளிருந்து மகாராணி ஒரு தடவை ஹாரன் அடித்தது, நாற்பது வருசமாக அடிக்காத ஹாரன், தொண்டை கட்டிய குரல். குட்டி நின்று திரும்பிப் பார்த்தது. பிறகு அவர் காலோடு ஒட்டிக்கொண்டு, லாரி வரும்போதெல்லாம் அவருக்கு மறுபக்கம் போய் ஒளிந்துகொண்டு, குட்டிச் சக்கரங்கள் தடதடக்க ஓடி வந்தது. ஒத்தக்கால்மண்டபத்துக்கிட்ட ஆடு மேய்க்கிற ஒருவர், "எத்தனை நாளாச்சுங்க?" என்றார். "ஒம்பது." "இத்துனூண்டை வெயிலுக்குள்ள நடத்துறீங்களே, நெழல்ல நிறுத்திப் போங்க," என்று சொல்லிவிட்டு அவர் ஆட்டைப் பார்க்கப் போனார். ஆறுக்குட்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார், பாட்டிலைச் சாய்த்து ஊட்டினார். அது குடித்து முடித்துவிட்டு அவருடைய கையை, ரேகையில்லாத அந்தக் கையை, சூடான மூக்கால் முட்டி முட்டி இன்னும் கேட்டது. இருபத்தாறு வருசம் அவர் துடைத்த எந்த வண்டியும் அந்தக் கையிடம் எதையும் கேட்டதில்லை.

மலுமிச்சம்பட்டிப் பிரிவில் நேராகப் போனால் உக்கடம், வலது பக்கம் திரும்பினால் செட்டிபாளையம். ஆறுக்குட்டி வலது பக்கம் திரும்பினார். அவருக்கு மனசு இளகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம், அவர் இளகுகிற ஆள் அல்ல. தான் வெயிலில் நின்று சொன்ன வார்த்தையை, கம்பளத்தின் மேல் நின்று அந்தத் தொப்பிக்காரர்களுக்கு நடுவில் பண்ணாடி சொன்னதும், அந்த வார்த்தை நாறிப்போய்விட்டது, அதை இனிமேல் வாயில் வைத்துக்கொண்டிருக்க அவருக்குக் குமட்டியது, அவ்வளவுதான். இரத்தினசபாபதியின் எச்சில் பட்ட எதையும் அவர் தன்னுடையதாக வைத்துக்கொண்டதில்லை.

மகாராணிக்குப் பிறகு நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடலாம். சான்றுக்காரர் ஏழு பக்கத்துக்கு எழுதிக்கொடுத்தார், அதில் வேற்றுக் கை படாதது என்கிற வரியும் அப்படியே இருந்தது. சென்னைக்காரர் வாங்கிப்போய், இதைவிடப் பெரிய கண்ணாடி அறையில் நிறுத்தினார். வெள்ளிக்கிழமை தோறும் மணிச் சத்தம் எங்கே கேட்டாலும் அதன் அடியில் மஞ்சள் எண்ணெய் சுரந்து தரையெல்லாம் ஓடுகிறதாம், ஆறு மெக்கானிக் வந்து பார்த்தும் ஓட்டை எங்கே என்று தெரியவில்லையாம், கீழே வெள்ளித் தட்டு வைத்துப் பிடித்துக் கொட்டுகிறார்களாம். கொட்டட்டும்.

செட்டிபாளையத்தில் பஞ்சர் கடை பஸ் ஸ்டாப்புக்கு எதிரிலேயே இருந்தது. பழைய டயர்களை அடுக்கி, அதில் வெள்ளைப் பெயின்டில் பேர் எழுதியிருந்தது. ஆறுக்குட்டி சாலைக்கு இந்தப் பக்கமே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதினாறு கிலோமீட்டர் நடந்தவருக்கு இருபது அடி சாலை குறுக்கே கிடந்தது. பொறுத்துப் பார்த்த குட்டி ஒரு ஹாரன் அடித்தது, பிறந்ததிலிருந்து அதன் முதல் ஹாரன், முன்பாதி அம்மாவின் குரல், பின்பாதி தக்காளி வண்டியின் குரல். கடைக்குள்ளிருந்து ஆறேழு வயசுப் பெண் பிள்ளை ஒன்று ஓடிவந்து, இரண்டு பக்கமும் பார்த்துச் சாலையைக் கடந்து, குட்டியின் மூக்கைத் தடவியது. அந்தப் பிள்ளைக்கு ஆறுக்குட்டியின் நெற்றி இருந்தது.

"இது ஆருது?" என்று கேட்டது அது.

ஒன்பது நாளாக ஊர் முழுக்கக் கேட்ட கேள்வி. அவர் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

பின்னாலேயே கோகிலவாணி வந்தாள். கையெல்லாம் டயர்க் கறுப்பு. அவரை மேலும் கீழும் பார்த்தாள், அந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்று ஆறுக்குட்டிக்குத் தெரியும், அவர் தொப்பிக்காரர்களைப் பார்க்கிற பார்வை அது.

"வழி தப்பீட்டீங்களா?"

"காத்து அடிக்கோணும்," என்றார் ஆறுக்குட்டி. "சக்கரத்துல கொஞ்சம் காத்துக் கம்மியா இருக்குது."

"கிணத்துக்கடவுல காத்து இல்லையாக்கும்." அவள் குட்டியைச் சுற்றி வந்தாள். மூக்கைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், பின்கதவு எழுத்தைப் படித்தாள். "எங்க கொண்டுட்டுப் போகச் சொன்னாங்க?"

"உக்கடம்."

"இப்பிடி ஒண்ணு பொறக்கவே இல்லைன்னு சொல்லீட்டாங்களாக்கும்."

"ஆமா."

"சொன்னவங்க நல்லா இருக்காங்களா?"

ஆறுக்குட்டி சாலையைப் பார்த்தார். ஒரு பல்லடம் பஸ் வந்து, நின்று, ஆள் இறக்கிவிட்டுப் போயிற்று.

"இல்ல," என்றார்.

கோகிலவாணி அவர் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கினாள். குட்டியை இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள், பிள்ளை அதன் தொட்டியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு பின்னால் போனது, அவரும் போனார். கடைக்கு முன்னால் காற்றடிக்கிற மிசின் கட்டியிருந்த இரும்புக் கம்பத்தில் கயிற்றைச் சுற்றி, ஒன்று, இரண்டு, மூன்று என்று இறுக்கி முடிச்சுப் போட்டாள். அவர் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னாள்:

"காத்து அடிச்சதும் கழட்டிக்கிட்டுப் போயரலாம்னு பாக்காதீங்க."